முப்பத்தேழு டிகிரியில் அக்கா

எங்கள் ஆராய்ச்சிக்கூடம் உப்பல் என்கிற பகுதியில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டி இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற இடம் என்று வெளியில் சொன்னால் ஜனங்கள் மரியாதையாகப் பார்க்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் ஏமாந்துபோவார்கள். நான் செய்வது பெரும்பாலும் சமையல்காரி வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் குடுவையில் விட்டு, வேளாவேளைக்குத் தீனி போட்டு, சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை நன்றாகக் கொழுத்த பிறகு மேலே புது மருந்தை விட்டு, சாகிறதா என்று பார்ப்போம். வளர்ப்பதும் நான், சாகடிப்பதும் நான்.

பழைய மருந்துகள் நல்ல செல், கெட்ட செல் பார்க்காமல் அடிக்கிற ரகம். எங்கள் மருந்து அப்படி இல்லை. கெட்ட செல்லுக்குள் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிற ஒரு சுவிட்சை மட்டும் தேடிப்போய் அணைக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே சுவிட்ச் எரிவதில்லை. ஒருவருக்குப் பலன் தருகிற மாத்திரை அடுத்தவருக்கு வெறும் சுண்ணாம்புக் கட்டி. அதனால் யாருடைய செல் எந்தக் குடுவையில் இருக்கிறது என்பதில் எங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு.

குடுவைகள் இருக்கிற பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். பார்க்க ஃபிரிட்ஜ் மாதிரிதான் இருக்கும். உள்ளே எப்போதும் முப்பத்தேழு டிகிரி, மனுஷ உடம்பின் சூடு. கதவைத் திறந்தால் ஈரமும் வெதுவெதுப்புமாக ஒரு காற்று முகத்தில் படும். புதிதாக வருகிறவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். யாரோ கிட்டத்தில் நின்று மூச்சு விட்டதுபோல இருக்கும், வேறொன்றுமில்லை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. செல்கள் தின்பது மீடியா என்கிற சிவப்புத் திரவம். நாங்கள் அதைச் சாப்பாடு என்போம். ஒவ்வொரு நோயாளியின் செல்லுக்கும் தனிச் சாப்பாட்டு பாட்டில். ஒருவரின் குடுவையைத் தொட்ட குழாய் இன்னொருவரின் பாட்டிலுக்குள் போகவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல் தாவிப் போனாலும் போதும். இரண்டில் எது வேகமாகப் பெருகுகிறதோ அது மற்றதை ஒழித்துவிட்டு, அதே குடுவையில், அதே எண்ணோடு உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. உலகம் முழுக்க எத்தனையோ ஆராய்ச்சிகள் இப்படி ஆள் மாறிப்போய், வருஷக்கணக்கில் தப்பான ஆளோடு குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

இதை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. நான்தான் புதுப் பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிக்கொடுத்தேன்: எச்சில். தெலுங்குப் பிள்ளைகள் "எங்கிலி" என்று சொல்லிக்கொண்டார்கள், ஹிந்திக்காரர்கள் "ஜூட்டா" என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் கை பழகிவிட்டது. யாராவது யோசிக்காமல் குழாயை நீட்டினால் பக்கத்திலிருந்து "எங்கிலி, எங்கிலி" என்று ஒரு குரல் வரும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. எச்சில் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிரும் இருந்தது.

அக்காவும் நானும் மல்காஜ்கிரியில், அப்பா ரயில்வேயில் இருந்தபோது கட்டிய வீட்டில் இருந்தோம். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை அக்கா வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். அவளுக்கு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்து என்னிடம் வைத்துக்கொள்வாள். ஊரெல்லாம் எச்சில் பார்க்கிற எனக்கு அவளிடம் மட்டும் அது கிடையாது. ஒரே டம்ளர் காபி, பாதி குடித்துவிட்டு மீதியை நீட்டுவாள். என் தட்டில் இருப்பதைத்தான் எடுப்பாள், தன் தட்டு நிறைய இருந்தாலும். "நக்கோக்கா, வேணாம், உன்னுதைத் தின்னு" என்றால் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

சிகரெட் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்தார்கள். அதில் நோயின் செல்கள் மிதக்கும் என்றும், ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்றும் கேட்டு ஒரு பாரத்தை நீட்டினார்கள். அது எங்கள் கூடத்துக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரிசர்வேஷன் பாரத்தில் தப்பு தேடுகிறவளாக முழுவதையும் படித்தாள்.

"கைக்கு டீ, எதுக்கு இப்படி மூஞ்சிய வெச்சிருக்கே? எனக்கு வேணாம்னுதானே எடுக்கறாங்க. நீ எடுத்துக்கோ டீ, உனக்கும் வேலை ஓடணுமில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

எங்களுக்குப் பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் ஆஸ்பத்திரியும் கிழமையும் தெரிந்த எனக்கு எண் எதற்கு? தலைமை விஞ்ஞானியிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் குடுவையை வேறு யாரிடமாவது ஒப்படைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அக்காவுக்கு வேறொருத்தி சாப்பாடு போடுவதா என்றுதான் தோன்றியது.

அக்கா ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனாள். உறவுக்காரர்கள் வரும்வரை வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடி மூடியைத் தூக்கி நெற்றியைத் தொட்டேன். தொட்டிருக்கக் கூடாது, அந்தச் சில்லிப்பு விரலைவிட்டுப் போகவே இல்லை. அஸ்தி கரைத்த மறுநாள் காலையில், வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். கையுறையை மாட்டிக்கொண்டு இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் அந்த வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. இரண்டாவது தட்டில் அவள் குடுவை இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவர்களின் கை எப்படி இருக்குமோ அந்தச் சூடு.

உள்ளே சாப்பாடு சிவப்பிலிருந்து மஞ்சளாகியிருந்தது. செல்கள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துப் பசியில் இருந்தால் அப்படி நிறம் மாறும். நான்கு நாளாக யாரும் கவனிக்கவில்லை. அவளைக் கொன்றது இந்தச் செல்கள்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும், "இரு அக்கா, இதோ போடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை.

சில வாரங்களில், அதில் மருந்து எதையும் சோதிக்கும் முன்பே, மேடம் அந்த எண்ணை நிறுத்தச் சொன்னார். மேடம் என்றால் எங்கள் தலைமை விஞ்ஞானி. தெலுங்குக்காரர், அதிர்ந்து பேசாதவர், ஆனால் ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லும் பழக்கம் இல்லாதவர். இரண்டு சிறு குப்பிகளை நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்துவிட்டு மீதிக் குடுவைகளை அழித்துவிடு என்றார். நான் மூன்றை அழித்தேன். நாலாவதை அழிக்கக் கை வரவில்லை. பழைய எண்ணைத் துடைத்துவிட்டு "பயிற்சிக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழ்த்தட்டில் பின்னால் தள்ளிவைத்தேன். புதிதாக வருகிற பிள்ளைகள் கை பழக ஏதோ ஒரு செல் எப்போதும் வேண்டியிருக்கும். அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. அந்தச் செல்கள் அசுர வேகத்தில் பெருகின. நான்கு நாளுக்கு ஒருமுறை பாதியைக் கொட்டிவிட்டு மீதியைப் புதுக் குடுவைக்கு மாற்றுவேன். கொட்டாமல் எல்லாவற்றையும் வைத்திருந்தால் இந்நேரம் எவ்வளவு இருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிரோடு இருந்த அக்காவைவிட அதிகமாகவே வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, யாராவது வந்துதான் ஆகவேண்டும். அந்த முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியான வெயிலில் காலியாகக் கிடக்கும் கட்டடத்தில், மோட்டார் உறுமுகிற சத்தத்துக்கு நடுவே, அவளிடம் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தகராறு, ஃபேன் ரிப்பேர், இப்படி. கிறுக்குத்தனம்தான். ஆனால் வீட்டில் அவள் படத்துக்கு முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. படத்துக்குப் பசிக்கிறதில்லையே.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர், சைனிக்புரியில் வீடு. எழுபதைத் தாண்டியவர். அக்காவுக்கு வந்த அதே நுரையீரல் நோய். எங்கள் புது மாத்திரையை ஏற்கனவே சில நோயாளிகளுக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கொடுக்கலாமா என்பதில் டாக்டருக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரியில் செய்த மரபணுச் சோதனை தெளிவாக வரவில்லை. அதனால் அவருடைய நுரையீரல் நீரை எங்களுக்கு அனுப்பினார். குடுவையில் அவர் செல்கள் மாத்திரைக்குச் செத்தால் மாத்திரை. சாகாவிட்டால் பழையபடி சொட்டு சொட்டாக ஏற்றுகிற மருந்து. இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க அவர் உடம்பில் அவகாசம் இல்லை. முதலில் கொடுப்பது சரியாக இருந்தாக வேண்டும். அதை எங்கள் குடுவைதான் சொல்ல வேண்டும்.

அவர் செல்கள் மூன்று வாரம் அசையவே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக உருண்டு திரண்டு, கோபித்துக்கொண்ட பிள்ளைகளாகக் கிடந்தன. நல்லவேளையாக முதல் வாரத்திலேயே கொஞ்சத்தை வழக்கப்படி உறையவைத்திருந்தோம். நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை பார்க்கிறேன், குடுவையின் ஓரத்தில் கூட்டம். புதன்கிழமைக்குள் பாதிக் குடுவை நிரம்பிவிட்டது. மேடம் வந்து பார்த்து என் தோளைத் தட்டினார். சோதனைக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் மாத்திரையின் மருந்தை விட்டோம். நான்கு நாளில் எல்லாம் சுருங்கி, தரையை விட்டு, மேலே மிதந்தன. இவ்வளவு சுத்தமாக ஒரு மருந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. மாத்திரை கொடுக்கலாம் என்று அறிக்கை போனது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆரம்பிப்பதாக டாக்டர் நாள் குறித்தார்.

அதற்குள் சுபேதாருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. எதிரியை நேரில் பார்க்க வேண்டுமாம். மேடம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்து சேர்ந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மருந்து விடாமல் வைத்திருந்த அவர் குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஸ்டூலைத் தள்ளிப்போட்டேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரேஷன் கடை வாசல்ல பொம்பளைங்க நிக்கற மாதிரி இடிச்சிக்கினு நிக்கிதுங்க" என்றார். பிறகு கண்ணை எடுக்காமலே, "இவ்ளோ கூட்டமா எனக்குள்ள? இந்த ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணும் கூடல, கொறையலன்னு டாக்டர் சொல்றாரு. இதுங்க பாத்தா அப்படித் தெரியலியே" என்றார்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உடம்புக்குள் வேறு, குடுவைக்குள் வேறு என்றேன். அவர் நம்பினார். போகும்போது குடுவையைப் பார்த்து, விளையாட்டாக ஒரு சல்யூட் வைத்தார். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெதுவாக நடக்கிற நோய், குடுவைக்குள் வந்ததும் எதற்காக ஓட வேண்டும்?

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு குடுவைகளை வெளியே எடுத்தேன். ஒன்று அவருடையது. இன்னொன்று கீழ்த்தட்டில் பின்னால் இருந்தது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். செல்களுக்கும் நடை உடை உண்டு. வருஷக்கணக்கில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். அக்காவின் செல்கள் நடுவில் வட்டமாக வெற்றிடம் விட்டு, ஓரங்களில் நெருக்கியடித்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அவர் குடுவையிலும் நடுவில் வட்டமாக வெற்றிடம் இருந்தது. எல்லாம் அதே பக்கம் சாய்ந்திருந்தன. எழுதியிருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. எச்சில் விஷயத்தில் நானா? மூடியிருந்த பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்து, வெறும் குழாயை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதை அப்படியே செய்துபார்த்தேன். யோசிக்காமல் கையைப் போகவிட்டேன். கை சுபேதாரின் பாட்டிலை எடுத்தது. அதிலிருந்து முதலில் அக்காவின் குடுவைக்குப் போனது. திரும்பி வந்து, அதே குழாயோடு, அதே பாட்டிலுக்குள் மறுபடி இறங்கியது. அப்புறம் அவர் குடுவைக்குப் போனது. இடையில் குழாயை மாற்றவே இல்லை. வேறு யாருடைய குடுவையாக இருந்தாலும் என் கை தானாக நின்றிருக்கும். அக்கா தொட்டதை என் கை எச்சில் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் அதற்குப் பழக்கம்.

மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன். பயமாக இருந்தது, ஆனால் பேயைப் பார்க்கிற பயம் இல்லை. என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவள், இப்போது முன்பின் தெரியாத ஒரு மனுஷரின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றுவிட்டாள் என்று தோன்றியது. நான்தான் அவளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனேன்.

அன்றைக்கே இரண்டு குடுவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, டி.என்.ஏ. கைரேகை பார்க்கிற பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரமும் குடுவைகளுக்குச் சாப்பாடு போடுவது என் வேலையாகவே இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற காற்று, இப்போது எனக்கு வேண்டிய ஒருத்தியின் மூச்சாகத் தெரியவில்லை. எப்போது திறந்தாலும் பசியோடுதான் இருந்தார்கள், இரண்டு குடுவையிலும். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து கதவைச் சாத்தும்போது, என்ன டீ ஒண்ணும் பேசமாட்டேங்கற என்று உள்ளேயிருந்து கேட்டுவிடுமோ என்று, படி இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு முடிவு வந்தது. இரண்டு வரிசை எண்கள், ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. சுபேதாரின் எண் போட்ட வரிசையில், ஆணுக்கு இருக்க வேண்டிய அடையாளம் இல்லை. அவர் குடுவைக்குள் ஒரு பெண் இருந்தாள். மறுநாள் காலை அவருக்கு மாத்திரை ஆரம்பம்.

அந்தத் தாளோடு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை, அதனால் உள்ளபடி சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். மாத்திரை அவருக்கும் பலன் தரலாமே என்று எனக்கு நானே வக்கீலாகப் பேசினேன். சொன்னால் வேலை போகலாம். அதைவிட, சொன்னால் கீழ்த்தட்டுக் குடுவையைக் கொட்டச் சொல்வார்கள். அக்காவை இன்னொரு தடவை அனுப்ப என்னிடம் தெம்பு இல்லை. அப்புறம் அவர் அந்த மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது ஞாபகம் வந்தது. எழுந்து மேடம் அறைக்குப் போனேன்.

மேடம் தாளை இரண்டு முறை படித்தார். "எவரிதி?" என்று கேட்டார், யாருடையது என்று.

"மா அக்கதி" என்றேன். எங்க அக்காவோடது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் அக்கா செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்து, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு மாதிரி ஒன்று. அது போக ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆரம்பிக்க வேண்டாம், அறிக்கை தப்பு, தப்பு எங்களுடையது என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னதை எழுதப்போவதில்லை. எல்லாம் நியாயமானதுதான்.

மறுநாள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, எல்லாக் குடுவைகளிலும் ப்ளீச்சை நானே ஊற்றினேன். சிவப்பு நிறம் வெளுத்துத் தண்ணீராகிவிட்டது. பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்யச் சொன்னார்கள், பார்த்தேன். அவளைச் சாப்பிட்டுத் தீர்த்த சனியன் ஒழிந்தது என்று ஒரு நிம்மதி வருமென்று நினைத்திருந்தேன். வரவில்லை. கையை எத்தனை கழுவியும் ப்ளீச் வாடை போகவில்லை. என்னை ஆறு மாதத்துக்குச் செல் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லி, காகித வேலைக்கு மாற்றினார்கள்.

முதல் வாரத்தில் உறையவைத்திருந்த சுபேதாரின் செல்களை வேறொரு பெண் எடுத்து வளர்த்தாள். அவை முன்போலவே மெதுவாக, கோபித்துக்கொண்டு வளர்ந்தன. மூன்று வாரம் கழித்து, இருக்கிற கொஞ்சத்தை வைத்துச் சோதித்தார்கள். எங்கள் மாத்திரையின் மருந்து அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அதில் குளித்துவிட்டுச் சும்மா இருந்தன. பழைய மருந்துக்குத்தான் கொஞ்சம் அடங்கின. டாக்டர் சொட்டு மருந்தையே ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை என்று மேடம் ஒரே வார்த்தை சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

நடந்ததை சுபேதாரிடம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லையாம். அன்றைக்குத் தமிழில் பேசின அந்தப் பெண் வந்து சொல்லட்டும் என்று மட்டும் கேட்டாராம். ஒரு காலை பத்து மணிக்கு நான் போனேன். மருந்து ஏற்றுகிற வார்டில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில், கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். முடி கொட்டிவிட்டது, கன்னம் ஒட்டியிருந்தது. மாத்திரையாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று தோன்றி, என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், பாட்டில், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும். மன்னிச்சிடுங்க சார் என்றேன்.

அவர் ஊசி போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ அன்னிக்கி நான் பாத்தது உங்க அக்காவையாம்மா?"

"அவ நோயைத்தான் சார்" என்றேன்.

"மருந்து ஊத்தனதும் அதுங்க மொத்தமும் செத்துப்போச்சின்னு சொன்னீங்களே."

"ஆமா சார்."

நர்ஸ் வந்து சொட்டின் வேகத்தைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

"அப்போ அந்த மாத்திரை உங்க அக்காவுக்குக் கேட்டிருக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சிக்கூடத்தில், மேடம் அறையில், இத்தனை பேர் இத்தனை நாள் இதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வரைபடத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நான்கு நாளில் கோடு தரையைத் தொடுவதை. அதைத் தப்பு என்று மட்டுமே பார்த்துவந்தேன். அது தப்பே இல்லை, அக்காவுக்கு எழுதிய அறிக்கை அது.

"கேட்டிருக்கும் சார்" என்றேன்.

"அவங்க போயி எத்தினி நாள் கழிச்சிம்மா இந்த மாத்திரை வந்துச்சி?"

"நாலு மாசம் சார்."

அவர் ஊசி இல்லாத கையால் பக்கத்து ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்து, அவ்வளவு பேர் நடுவில், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதேன்.